காற்றுக்குக் காத்திருக்கும் பறவைகள்

பிப்ரவரி 10, சனி – டனீடின்

மகள் நியூசிலாந்தின் தென்தீவில், டனீடின் நகரில் உள்ள ஒடாகோ பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் படிக்கிறாள். "வகுப்பு தொடங்குவதற்கு முன் வாருங்கள் அப்பா, ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை பறப்பதை ஒரு தடவையாவது நீங்கள் பார்க்க வேண்டும்" என்று இரண்டு ஆண்டுகளாக அழைத்துக்கொண்டே இருந்தாள். இந்த முறை விடுப்பு கிடைத்தது. மூன்று விமானங்கள் மாறி நேற்று இரவு வந்து சேர்ந்தேன்.

நான் தூத்துக்குடிக்காரன். என் தகப்பனார் பாய் விரித்து ஓடும் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். எங்கள் வீட்டில் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் உண்டு: கச்சான், கொண்டல், வாடை, சோழகம். காற்று நன்றாக இருந்த நாளில் அவர் பேசிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார். காற்று விழுந்துவிட்ட நாளிலோ தண்டு வலித்தே கரை சேர வேண்டியிருக்கும். அன்று உள்ளங்கை இரண்டும் சிவந்து, சோற்றைப் பிசையக்கூடச் சிரமப்படுவார். ஒரே தொலைவு, ஒரே கடல், ஒரே வள்ளம்; மாறியது காற்று மட்டும்தான். கடற்பறவைகளுக்கும் இதே கணக்குதான் என்று மகள் சொன்னபோது, அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது.

மாலையில் துறைமுகத்தின் ஓரமாக நடந்தோம். ஒரு இலைகூட அசையவில்லை. வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும், முன்பின் தெரியாதவர்களாக இருந்தும், "எவ்வளவு அருமையான நாள்!" என்று சொல்லிவிட்டே கடந்து போனார்கள். இரவுக்கு மாவில் தோய்த்துப் பொரித்த ப்ளூ காட் மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் வாங்கினோம். இருவருக்கும் 38 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய 1,900 ரூபாய். விலையைக் கேட்டு மனம் துணுக்குற்றாலும், வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்து வந்த அந்த மீனின் சுவையைக் குறை சொல்ல முடியாது.

பிப்ரவரி 11, ஞாயிறு – தையரோவா முனை

ஒடாகோ தீபகற்பத்தின் நுனியில் இருப்பது தையரோவா முனை. இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் புகேகுரா என்கிறார்கள். பெரும்பாலான ஆல்பட்ராஸ்கள் மனிதர் எளிதில் போக முடியாத தீவுகளில் முட்டையிடுகின்றன. வட அரச ஆல்பட்ராஸ் இனத்தின் பெருங்கூட்டமும் நியூசிலாந்துக்குக் கிழக்கே உள்ள சாத்தம் தீவுகளை ஒட்டிய பாறைகளில்தான் இருக்கிறது. ஒரு நகரத்தின் எல்லைக்குள், சாலையில் போய் இறங்கிப் பார்க்கும் இடத்தில் இந்த இனம் குடும்பம் நடத்துவது இங்கே மட்டும்தான்.

பேருந்து போர்டோபெல்லோ என்ற சிற்றூர் வரைக்கும்தான். இறங்கும் ஒவ்வொருவரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அப்படியே. அதன்பின் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது, வாடகை வண்டி கிடைக்கும் என்று நம்பியிருந்தோம், கிடைக்கவில்லை. வெயிலில் அரை மணி நேரம் நடந்திருப்போம். பின்னால் நாயை ஏற்றிக்கொண்டு வந்த பண்ணைக்கார அம்மையார் ஒருவர் வண்டியை நிறுத்தினார். முனைக்குப் போகிறோம் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு அழகான நாளில் அவை பறக்கமாட்டாவே" என்று வருத்தத்தோடு சொன்னார். பணம் வாங்க மறுத்துவிட்டார். மாறாக, சென்ட்ரல் ஒடாகோவில் விளைந்த ஆப்ரிகாட் பழங்களைப் பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே நடந்தது. ஆளுக்கு ஐம்பது டாலருக்கு மேல் கொடுத்து, வழிகாட்டியோடு குன்றின்மேல் ஏறி, கண்ணாடி அடைத்த கூடத்துக்குள் நின்று பார்த்தோம். புல்சரிவில் மூன்று பறவைகள் கூட்டில் உட்கார்ந்திருந்தன. நெடுங்கால உழைப்பால் உருவான இடம் இது. 1930-களில் இங்கே இட்ட முட்டைகளையும் குஞ்சுகளையும் மனிதர்களும் விலங்குகளும் விட்டுவைக்கவில்லை. லான்ஸ் ரிச்டேல் என்ற ஆசிரியர் கூடாரம் போட்டுக் காவல் இருந்ததன் பயனாக, 1938-இல் முதல் குஞ்சு சிறகு முளைத்துப் பறந்து போனது. அவர் 1937-இல் காலில் வளையம் மாட்டிய ஒரு பெண் பறவை 1989 வரை திரும்பத் திரும்ப இங்கே வந்தது. 'பாட்டி' என்று அழைக்கப்பட்ட அந்தப் பறவை அறுபது வயதைத் தாண்டியது.

வெயில் ஏற ஏறச் சரிவில் வைத்திருந்த தெளிப்பான்கள் கூடுகளைச் சுற்றித் தண்ணீரைத் தூவத் தொடங்கின. காரணம் கேட்டேன். குளிர்ந்த தென்கடலுக்கென்று அமைந்த உடம்பு இது. இறகும் கொழுப்புமாக மூடியிருக்கிறது. காற்று வீசினால் உடம்புச் சூட்டை அது கொண்டுபோய்விடும். காற்று நின்று வெயிலும் சேர்ந்தால் பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கும். தாங்க முடியாமல் கூட்டைவிட்டு எழுந்துவிட்டால் குஞ்சு வெந்துபோகும். முட்டை உடைந்து குஞ்சு வெளிவரும் நேரத்தில் ஈக்கள் மொய்த்து முட்டையிடுவதும் இப்படிப்பட்ட நாட்களில்தான். அதனால் பொரிக்கும் வேளையில் முட்டையை எடுத்துப்போய்ப் பொரிப்பானில் வைத்து, குஞ்சு வந்த பிறகு கூட்டில் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பறவைக்குக் காற்று என்றால் பறப்பதற்கு என்று மட்டுமே நினைத்திருந்தேன். கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கும் அது அவ்வளவு தேவை என்பது அந்தத் தெளிப்பான்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

அதன்பின் மூன்று மணி நேரம் பாறை விளிம்பில் காத்திருந்தோம். வானத்தில் கடற்காகங்களைத் தவிர வேறொன்றும் இல்லை. கடல் எண்ணெய் பூசியதுபோல் கிடந்தது. தொலைநோக்கியில் பார்த்தால், வெகு தொலைவில் ஐந்து வெள்ளைப் புள்ளிகள் நீரின்மேல் மிதந்துகொண்டிருந்தன. "அவைதான் அப்பா. காற்று வரும்வரை எழுந்திருக்காது" என்றாள் மகள்.

இரண்டு மணி வாக்கில் அவற்றில் ஒன்று மட்டும் முயன்றது. கழுத்தை நீட்டிச் சிறகுகளை விரித்தது. ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை மூன்று மீட்டர். ஒடுங்கிய, நீண்ட சிறகு. பிறகு நீர்ப்பரப்பின்மேல் ஓடத் தொடங்கியது. அகன்ற பாதங்கள் மாறி மாறித் தண்ணீரை அறைய, ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெள்ளைத் தெறிப்பு பின்னால் நின்றது. நாற்பது அடி வரைக்கும் எண்ணினேன், அதற்குமேல் எண்ண முடியவில்லை. கடைசியில் நீரைவிட்டு மேலெழுந்து, ஏழெட்டுத் தடவை கனமாகச் சிறகடித்து, கொஞ்ச தூரம் சறுக்கிப் போய் மீண்டும் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டது.

அந்தக் காட்சியைக் கண்டு எனக்கு மனம் கனத்தது. இந்தப் பறவைக்குப் பறப்பதைவிட எழும்புவதுதான் பெருஞ்செலவு என்று மகள் விளக்கினாள். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள குரோசே தீவுகளில் 'அலைந்து திரியும் ஆல்பட்ராஸ்' என்ற இனப் பறவைகளின் இதயத்துடிப்பைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அளந்து 2000-இல் வெளியிட்டார்கள். பக்கக் காற்றிலும் பின்காற்றிலும் பறக்கும்போது துடிப்பு, கூட்டில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும் அளவுக்கு அருகிலேயே இருந்தது. எகிறியது நீரிலிருந்து எழும்பும்போதும் இறங்கும்போதும்தான். அதே தீவுப் பறவைகளைப் பற்றி 2023-இல் வந்த இன்னொரு ஆய்வு, காற்றும் அலையும் இரண்டுமே ஓய்ந்திருக்கும்போதுதான் எழும்புவதற்கு மிகுந்த பாடு படவேண்டியிருக்கிறது என்று காட்டியது. காற்று மெலிந்திருந்தாலும் அலை உயர்ந்திருந்தால் ஓரளவு சமாளித்துவிடலாம். இன்று இரண்டும் இல்லை. அப்பாவின் சிவந்த உள்ளங்கைகள் நினைவுக்கு வந்தன.

பிப்ரவரி 12, திங்கள் – அதே முனை, கடலிலிருந்து

விடியற்காலையில் சன்னல் கதவுகள் அடித்துக்கொள்ளும் சத்தத்தில் விழித்தேன். தெற்கிலிருந்து காற்று திரும்பிவிட்டிருந்தது. நேற்று 26 பாகை இருந்த வெப்பம் இன்று 13. தங்கியிருந்த வீட்டுக்கார அம்மையார் காலை உணவுக்கு வந்தபோது, "உங்கள் விடுமுறைநாள் இப்படிக் கெட்டுவிட்டதே" என்று வருந்தினார். இதைத்தான் எதிர்பார்த்தோம் என்று மகள் சொன்னதும், உள்ளே போய்த் தன் கணவரின் கனத்த மழை அங்கி ஒன்றை எடுத்துவந்து என் தோளில் போட்டார்.

வெல்லர்ஸ் ராக் படகுத்துறையிலிருந்து சிறு படகில் ஒன்பது பேர் கிளம்பினோம். துறைமுக வாய்க்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. முனையைச் சுற்றிக்கொண்டு திறந்த கடலுக்குள் நுழைந்ததும் படகு நிமிர்ந்து நிமிர்ந்து விழுந்தது. "இருபது நாட் காற்று" என்றார் படகோட்டி, உற்சாகமாக. நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு; ஒரு நாட் மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். பறவைகளின் பறப்பைக் கணக்கிட்ட ஜெர்மானியப் பொறியியலாளர் காட்ஃபிரீட் ஸாக்ஸ், சிறகடிக்காமல் தொடர்ந்து பறக்க ஆல்பட்ராஸுக்குக் குறைந்தது வினாடிக்கு 8.6 மீட்டர் காற்று வேண்டும் என்று 2005-இல் கண்டார். அது சுமார் 17 நாட். நேற்று இருந்தது நான்கைந்து நாட்கூடத் தேறாது.

முதல் பறவை எப்போது வந்தது என்றே தெரியவில்லை. அலையின் பள்ளத்திலிருந்து ஒரு சிறகு நுனி எழுந்தது. நீரைத் தொடுகிறதோ என்னும்படி ஒரு சிறகு கீழேயும் மற்றொன்று வானத்தை நோக்கியும் இருக்க, பறவை காற்றை எதிர்த்து மேலே ஏறியது. பத்துப் பதினைந்து மீட்டர் உயரத்தில் ஒரு கணம் நிதானித்தது. முதுகும் உடலும் வெண்மை, சிறகின் மேற்புறம் கருமை. பிறகு காற்று போகும் திசைக்குச் சாய்ந்து திரும்பிச் சரேலென்று இறங்கி, அலையின் பள்ளத்துக்குள் மறைந்தது. மறுபடி ஏற்றம், திரும்பல், இறக்கம். ஒரு சுற்றுக்குப் பத்து வினாடி ஆகியிருக்கலாம். உடம்பு எவ்வளவு சாய்ந்தாலும் தலை மட்டும் அடிவானத்துக்கு இணையாக, கொஞ்சமும் சாயாமல் இருந்தது. மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பறவை எங்கள் கண்ணுக்கு எட்டிய ஆறு நிமிடத்தில் ஒரு தடவைகூடச் சிறகடிக்கவில்லை.

இது எப்படி முடிகிறது? மொட்டைமாடியில் காற்றாடி விட்டவர்களுக்கு இதில் பாதி தெரியும். தரையோரத்தில் காற்றாடி தள்ளாடும்; இழுத்து இழுத்து ஏற்ற வேண்டும். கூரைகளைத் தாண்டிவிட்டால் நூலைத் தானே பிடுங்கிக்கொண்டு போகும். தரையோடு உரசும் காற்று வேகம் குறைந்தும், மேலே போகப்போக வேகம் கூடியும் இருப்பதே காரணம். கடல்மேலும் அப்படித்தான். அலைகளில் உரசி அடிக்காற்று மெலிகிறது. பத்து மீட்டர் உயரத்தில் காற்று முழு வேகத்தில் ஓடுகிறது. ஆல்பட்ராஸ் அந்த இரண்டு அடுக்குகளுக்கும் இடையே ஏறி இறங்குகிறது. காற்றை எதிர்த்து ஏறும்போது, உயரம் கூடக்கூட எதிர்க்காற்றின் வேகமும் கூடுவதால் சிறகின்மேல் ஓடும் காற்று குறையாமல் இருக்கிறது. ஏறுவதில் இழக்க வேண்டிய வேகத்தைக் காற்றே ஈடு செய்கிறது. உச்சியில் திரும்பி, காற்றோடு சேர்ந்து இறங்கி, மெலிந்த அடிக்காற்றுக்குள் நுழையும்போது மேலடுக்கில் பெற்ற வேகம் கையில் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தைக் கொண்டு அடுத்த ஏற்றம்.

இதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது வேறொன்று. இயற்பியலாளர் ராலே பிரபு 1883-இலேயே, சீரான கிடைக்காற்றில் சிறகடிக்காமல் ஒரு பறவை உயரத்தைக் காத்துக்கொள்ள முடியாது என்று எழுதிவிட்டார். காற்று எவ்வளவு பலமாக வீசினாலும், எல்லா உயரத்திலும் ஒரே வேகமாக இருந்தால் அதிலிருந்து பறவைக்கு ஒரு துளிகூடக் கிடைக்காது. ஆற்றில் மிதக்கும் கட்டையைப்போல அடித்துக்கொண்டு போகப்படும், அவ்வளவுதான். அது வாழ்வது காற்றினால் என்பதைவிட, காற்றின் ஏற்றத்தாழ்வினால் என்று சொல்வதே சரி.

சிறகை விரித்து வைத்திருப்பதற்கும் பலம் வேண்டுமே என்று கேட்டேன். தோளில் உள்ள தசைநாண் ஒன்று, சிறகை முழுவதுமாக நீட்டியதும் அது கிடைமட்டத்துக்கு மேலே போகாதபடி பூட்டிக்கொள்கிறது. கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் நம்மைப்போல் அதற்குத் தசை வலிக்காது.

படகோட்டி பாறையோரமாகத் திருப்பியபோது நீர்க்காகங்கள் கூட்டமாக எங்களைக் கடந்தன. அவற்றின் பாடு வேறு. எதிர்க்காற்றில் ஒரு நொடிகூட நிறுத்தாமல் படபடவென்று அடித்துக்கொண்டு, நீரோடு ஒட்டி, முன்னேறுகிறதா இல்லையா என்றே தெரியாதபடி போயின. நீரோடு ஒட்டிப் போவதில் காரணம் இருக்கிறது. மெலிந்த அடிக்காற்றில்தான் எதிர்ப்பு குறைவு. முக்குளித்து மீன் பிடிக்க ஏற்ற உடலுக்கு வானத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. நீர்க்காகத்தைப்போலவே முக்குளிக்கும் வடகடல் பறவையான தடித்த அலகு முர் பறக்கும்போது, உயிரைத் தாங்க மட்டும் வேண்டிய ஆற்றலைப்போல் 31 மடங்கு செலவழிக்கிறது என்று 2013-இல் அளந்திருக்கிறார்கள். ஆல்பட்ராஸும் நீர்க்காகமும் அதே காற்றில், அதே அலையின்மேல், எங்கள் கண்முன் எதிரெதிராகப் போயின. ஒன்றுக்குக் கூலி கொடுக்கும் காற்று மற்றொன்றிடம் கூலி வாங்கியது.

ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு மூன்று முறை வாந்தி. கடல்காரன் மகனுக்கு இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் தென்கடல் அலை எங்கள் மன்னார் வளைகுடா அலையைப்போல் இல்லை, நீண்டு நீண்டு வந்து மெல்லத் தூக்கி வெகுநேரம் கழித்து இறக்குகிறது. பக்கத்திலிருந்த டச்சு நாட்டு முதியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் என் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி இஞ்சி மிட்டாய் கொடுத்தார். கரை வந்ததும் அவர்களுக்கு நான் சொன்ன நன்றி போதாது.

உடம்பு சற்றுத் தெளிந்ததும் பிற்பகலில் மீண்டும் பாறை விளிம்புக்குப் போனோம். நேற்று வெறிச்சோடிக் கிடந்த அதே இடம். தெற்குக் காற்று குன்றின்மேல் மோதி மேல்நோக்கித் திரும்பும் இடத்தில் நான்கு பறவைகள் வட்டமிட்டன. ஒன்று எங்கள் தலைக்குமேல், பனைமர உயரம்கூட இல்லாமல், கடந்து போனது. பட்டுத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. காற்றைச் சிறகு அறுக்கும் சத்தம். வெளிறிய அலகின் வெட்டு விளிம்பில் மையால் இழுத்ததுபோன்ற கருங்கோடும், கரிய கண்ணும் தெரிந்தன. இறங்குவதற்காக அது பாதங்களைத் தொங்கவிட்டு, காற்றை எதிர்த்து நின்று, வேகம் முழுவதையும் காற்றிடமே கொடுத்துவிட்டு, கூட்டுக்குப் பக்கத்தில் மெத்தென்று இறங்கியது. கூட்டில் இருந்த துணை எழுந்தது. அதன் அடியில் கைப்பிடி அளவு வெள்ளைக் குஞ்சு.

பிப்ரவரி 13, செவ்வாய் – இன்வர்கார்கில்

பகல் முழுக்கப் பேருந்து. இரு பக்கமும் ஆடுகளும் புல்வெளியும். வழியில் சீஸ் ரோல் என்ற தென்னாட்டுப் பண்டம் சாப்பிட்டோம். ரொட்டித் துண்டில் பாலாடைக்கட்டிக் கலவையைத் தடவிச் சுருட்டி, வெளியே வெண்ணெய் பூசிச் சுட்டுத் தருகிறார்கள். ஒன்று 5 டாலர். சூடாக இருக்கும்போது நன்றாக இருக்கிறது, ஆறினால் ரப்பர்.

குரோசே தீவுப் பறவைகளைப் பற்றிய இன்னொரு செய்தியை மகள் வழியில் சொன்னாள். தென்கடலின் மேற்குக் காற்று கடந்த சில பத்தாண்டுகளில் வலுத்துத் தெற்கு நோக்கி நகர்ந்திருக்கிறது. அதனால் அங்குள்ள ஆல்பட்ராஸ்கள் முன்னைவிட விரைவாகப் பறக்கின்றன, இரை தேடும் பயணம் சுருங்கிவிட்டது, துணை முட்டையோடு காத்திருக்கும் நாட்கள் குறைந்துவிட்டன, குஞ்சு பொரிப்பதில் வெற்றி கூடியிருக்கிறது, பறவைகளின் எடையே ஒரு கிலோவுக்குமேல் ஏறியிருக்கிறது. 2012-இல் வெளிவந்த முடிவு இது. காற்று ஒரு பறவையின் உடம்பில் சதையாக மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் காற்று இன்னும் தெற்கே நகர்ந்தால் கூட்டிலிருந்து எட்டாத தொலைவுக்குப் போய்விடும், இந்த நன்மை நிலைக்காமலும் போகலாம் என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். மகள் இதைச் சொன்ன பிறகு வெகுநேரம் பேசாமல் வந்தேன்.

பிப்ரவரி 14, புதன் – ப்ளஃப்

தென்தீவுக்குத் தெற்கே உள்ள ஸ்டூவர்ட் தீவுக்குப் போகும் படகு இன்று ஓடவில்லை. காலை ஆறு மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது. நாங்கள் அதைப் பார்க்காமல் பெட்டிகளோடு துறைக்கே போய் நின்றோம். தீவில் பணம் கட்டியிருந்த அறையின் ஒரு நாள் வாடகை போனது. இங்கே தங்குவதற்கு 160 டாலர் புதிதாகச் செலவு. ஃபோவோ நீரிணை அகலத்தில் முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் மேற்குக் காற்று முழுவதும் இரு நிலங்களுக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு பாய்கிறது. நாற்பது நாட் வேகத்துக்குமேல் வீசியது. ப்ளஃப் குன்றின் உச்சியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. என் மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ப் புதரில் சிக்கியது, மகள் போய் எடுத்து வந்தாள்.

இந்தக் காற்றிலும் பறவைகள் இருந்தன. ஸ்டெர்லிங் முனையில் பாறை மறைவில் உட்கார்ந்து பார்த்தோம். கரும்பழுப்பு நிற ஷியர்வாட்டர்கள், மாவோரி மொழியில் டீட்டீ, நூற்றுக்கணக்கில் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. காற்று வலுத்தால் அவற்றின் போக்கு மாறுகிறது. சுற்றுக்கள் குறுகுகின்றன, மேலே ஏறுவதைக் குறைத்துக்கொண்டு அலைகளின் மறைவிலேயே அதிக நேரம் ஓடுகின்றன. சிறகை முழங்கை மடிப்பில் சற்று ஒடுக்கிக்கொள்கின்றன, நம் வள்ளங்களில் புயற்காற்றுக்குப் பாயைச் சுருக்கிக் கட்டுவதைப்போல.

எவ்வளவு காற்று நல்லது, எது மிகை என்ற கேள்விக்கு ஜப்பானிலிருந்து ஒரு விடை வந்திருக்கிறது. அங்குள்ள கோடிட்ட ஷியர்வாட்டர்கள், கரைக்கும் புயலுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டால், புயலைவிட்டு ஓடாமல் அதன் கண்ணை நோக்கியே பறப்பதைக் கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. சில பறவைகள் கண்ணுக்கு 30 கிலோமீட்டர் நெருக்கம்வரை போயின. கடலிலிருந்து கரைக்கு வீசும் வன்காற்று நிலத்தில் கொண்டுபோய் மோதிவிடும். கடற்பறவைக்கு நிலம்தான் பேராபத்து. எங்கள் ஊரில் பெரியவர்கள், புயல் வந்தால் கரையை நம்பாதே, ஆழத்தை நம்பு என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பாய்மரக்காரர்களும் இந்தப் பறவைகளும் ஒரே பாடத்தைப் படித்திருக்கிறார்கள்.

மாலையில் விடுதிக்கார அம்மையார் கடலுணவுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். கிளிஞ்சலும் மீனும் பாலும் சேர்ந்தது. நீரிணைத் தீவுகளில் ஏப்ரல், மே மாதங்களில் உணவுக்காக டீட்டீக் குஞ்சு எடுக்கும் உரிமை ரகியுரா (ஸ்டூவர்ட் தீவு) மாவோரிகளுக்கு மட்டுமே உண்டு என்றும், தன் மருமகள் வீட்டார் தலைமுறை தலைமுறையாக அங்கே போகிறார்கள் என்றும் சொன்னார். குஞ்சின் கொழுப்பைப் பார்த்தே அந்த ஆண்டு கடல் எப்படி இருந்தது என்று கிழவிகள் சொல்லிவிடுவார்களாம்.

பிப்ரவரி 15, வியாழன் – ஃபோவோ நீரிணை, ஸ்டூவர்ட் தீவு

காற்று பாதியாகத் தணிந்தது, படகு ஓடியது. ஒரு மணி நேரப் பயணம். மாத்திரை போட்டுக்கொண்டு பின்தளத்திலேயே நின்றேன். வெள்ளைத்தொப்பி மாலிமாக் என்ற சிறிய ஆல்பட்ராஸ் ஒன்று படகின் விலாப்புறமாக வந்து, என் கைக்கு எட்டிவிடும் தொலைவில், படகு கிளப்பிய காற்றின்மேல் சாய்ந்துகொண்டு இரண்டு நிமிடம் கூடவே வந்தது. காற்று அதன் மார்பு இறகுகளை மட்டும் கலைத்தது. சிறகு நுனியின் கடைசி இறகுகள் விரல்களைப்போல் நுட்பமாக அசைந்து அசைந்து எதையோ சரிசெய்துகொண்டிருந்தன. சிறகடிக்காத பறவை சும்மா இருப்பதாக நான் கொண்டிருந்த எண்ணம் தவறு.

பகலில் தூங்கினோம். இரவு எட்டு மணிக்கு ஹாஃப்மூன் விரிகுடாவிலிருந்து ஏக்கர்ஸ் முனைக்கு நடந்தோம். அங்கே டீட்டீக்கள் மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு வளர்க்கின்றன. இதே இனத்துப் பறவைகளுக்கு, இந்தத் தீவை அடுத்த கோட்ஃபிஷ் தீவிலும் வடக்கே மானா தீவிலும் கருவி பொருத்தி 2005-இல் பின்தொடர்ந்தார்கள். குஞ்சு வளர்ந்த பிறகு அவை பசிபிக்கைக் கடந்து ஜப்பான், அலாஸ்கா, கலிபோர்னியா என்று ஏதேனும் ஒரு பக்கம் போய்த் திரும்பின. நேர்வழியில் போகாமல் பருவக்காற்றுகளின் போக்கையொட்டி எட்டு வடிவத்தில் வளைந்து, ஓராண்டில் ஏறத்தாழ 64,000 கிலோமீட்டர். சுற்றுவழிதான், ஆனால் காற்று தள்ளிவிடும் வழி.

ஒன்பது மணிக்குச் சூரியன் மறைந்தது. கடலில் கூட்டம் கூட்டமாக அவை சேரத் தொடங்கின. முழுதாக இருட்டும்வரை ஒன்றும் நிலத்துக்கு வரவில்லை. காற்று மிகவும் குறைந்திருந்தது. அதனால் இறங்குவது இன்றைக்குக் கடினமாக இருக்கும் என்று மகள் கிசுகிசுத்தாள். பிறகு தலைக்குமேல் சிறகோசை. காட்டுக்குள் கிளைகள் முறியும் சத்தம். தொப் என்று ஒன்று விழுந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று.

மூன்றாவது என் காலுக்கு இரண்டடி தள்ளி விழுந்தது. சிவப்பு விளக்கைத் தாழ்த்திப் பிடித்தோம். அலையின்மேல் அம்புபோல் ஓடிய அதே பறவை, மார்பு மண்ணில் படியக் கிடந்தது. சிறகுகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொள்ளவே அதற்கு நேரம் பிடித்தது. உடம்பு ஏறி ஏறி இறங்கியது. ஒரு நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு மார்பாலும் காலாலும் தவழ்ந்து, வேர்களுக்கு இடையே இருந்த வளைக்குள் நுழைந்தது. உள்ளேயிருந்து குஞ்சு கத்தும் சத்தம் கேட்டது. மகள் விளக்கை அணைத்தாள்.